நெருப்பில்லாத அடுப்பும் யாக்கோபுவின் பேட்டரியும்

மண்ணூரில் யாக்கோபுவின் மாடி அறைக்குக் குடிவருகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். நெருப்பு கூடாது. பாட்டு வைக்கலாம், ஊரிலிருந்து ஆள் வந்து தங்கலாம், ஷிப்ட் முடிந்து அகால நேரத்தில் கதவைத் தட்டலாம், எதற்கும் அவர் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் மண்ணெண்ணெய் ஸ்டவ், கேஸ் அடுப்பு என்று பேச்செடுத்தால் அன்றைக்கே வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சாமி படத்துக்கு ஒரு ஊதுவத்தி கொளுத்தினால்கூட மாடிப்படி ஏறி வந்து மூக்கை உறிஞ்சுவார். முப்பது வருஷம் மண்ணெண்ணெய் டேங்கர் ஓட்டியவர். நெருப்பு என்ன செய்யும் என்று மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள், அவர் பார்த்திருக்கிறார்.

அதனால் மாரிசெல்வியும் பாண்டிச்செல்வியும் ஒன்றரை வருஷமாக மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளினார்கள். இருவரும் சங்கரன்கோவில் பக்கத்தில் அடுத்தடுத்த ஊர்க்காரிகள், ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்கிற கம்பெனியில் ஒரே அசெம்பிளி லைனில் சேர்ந்தவர்கள். அந்த மெஸ் சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடிப்பதற்குத் தனி டிரெயினிங் வேண்டும் என்று பாண்டிச்செல்வி சொல்வாள். சொல்லிவிட்டு அதையே ஊற்றிச் சாப்பிடுவாள். வேறென்ன செய்வது.

இரண்டாயிரத்துப் பதினொன்று பொங்கலுக்கு முன்னால் கம்பெனி ஆண்டு விழாவில் குலுக்கல் போட்டார்கள். மாரிசெல்விக்கு மூன்றாம் பரிசு விழுந்தது. முதல் பரிசுக்காரி தங்கக் காசோடு போனாள், இரண்டாம் பரிசுக்காரி மிக்சியோடு போனாள். மாரிசெல்வியின் கையில் கறுப்புக் கண்ணாடி போட்ட தட்டையான பெட்டி ஒன்றைக் கொடுத்துக் கை தட்டினார்கள். எடை பார்க்கிற மிஷின் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். பஸ்ஸில் வரும்போது அட்டையில் இருந்த படத்தைப் பார்த்த பிறகுதான் அது கரண்ட் அடுப்பு, இண்டக்ஷன் ஸ்டவ் என்று தெரிந்தது.

யாக்கோபுவுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள மாரிசெல்விக்கு மனம் வரவில்லை. நேரே கீழே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல நெருப்பு எங்க கீது?" என்றார் அவர்.

"நெருப்பே கிடையாதுய்யா. பாத்திரந்தான் சூடாவும்."

"பாத்திரம் இன்னா, தானா சுட்டுக்குமா? யார்கிட்ட கதை வுடுறே பாப்பா."

அவர் மகள் மெர்சி தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். மெர்சியின் கணவர் குவைத்தில் இருக்கிறார். அவளும் அப்பாவும் மட்டும்தான் கீழ்வீட்டில். பாண்டிச்செல்வியும் அவர்கள் இருவரும் சுற்றி நிற்க, மாரிசெல்வி ஒரு பாத்திரத்தில் பாலை ஊற்றி வைத்தாள். யாக்கோபு சும்மா நம்புகிற ஆளா? அன்றைய பேப்பரில் ஒரு தாளைக் கிழித்து அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் செருகினார். பால் பொங்கியது. தாள் தாளாகவே இருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அப்புறம் அடுப்பைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். அனுமதி கிடைத்துவிட்டது என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

மாரிசெல்வி அன்றைக்கே ஒரு ஷீட் எழுதிச் சுவரில் ஒட்டினாள். கம்பெனியில் ஒவ்வொருத்தி தலைக்கு நேர் மேலேயும் இப்படி ஒரு ஷீட் தொங்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு, எதை முதலில் எடுக்க வேண்டும், எதை எங்கே பொருத்த வேண்டும் என்று மட்டும் அதில் இருக்கும். ஏன், எதற்கு, யாருக்கு ஆகாது என்கிற சமாசாரமெல்லாம் தடித்த ஃபைலில், மஞ்சள் முக்கோணம் போட்ட பக்கங்களில் இருக்கும். அவை சூப்பர்வைசருக்கும் சேஃப்டி ஆபீசருக்கும் உரியவை. ஆபரேட்டர் உட்கார்ந்து அதைப் புரட்டிக்கொண்டிருந்தால் லைன் நின்றுவிடும். ஒன்றரை வருஷம் அதிலேயே பழகிய கை. அடுப்போடு வந்த புத்தகத்தைத் திறந்ததும் முதல் பக்கம் முழுக்க முக்கோணமாக இருந்தது. யோசிக்கவே இல்லை, புரட்டிவிட்டாள். ஒன்று என்று நம்பர் ஆரம்பிக்கிற பக்கத்திலிருந்து, தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு கண்ணும் கருத்துமாக எழுதினாள்.

எழுதிய வரைக்கும் நன்றாகத்தான் எழுதியிருந்தாள். காந்தம் ஒட்டுகிற, அடி தட்டையான பாத்திரம் மட்டும். ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட அலுமினியச் சட்டி அதில் தேறவில்லை, எவர்சில்வரிலும் பாதி தேறவில்லை. பாத்திரத்தை வைத்த பிறகே சுவிட்ச். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். சமைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது, உள்ளே ஃபேன் ஓடி நிற்கும் வரை பொறுக்க வேண்டும். ஆறிய பிறகு பிழிந்த துணியால் துடைக்க வேண்டும், தண்ணீரை ஊற்றிக் கழுவக் கூடாது. கரண்டியையோ மூடியையோ கண்ணாடி மேல் போட்டு வைக்கக் கூடாது. பக்கத்திலேயே கட்டம் போட்டு, யார் சமைத்தாலும் டிக் அடித்துக் கையெழுத்து வைக்க வேண்டும் என்று விதித்தாள்.

பாண்டிச்செல்விக்கு இதெல்லாம் ஒரே சிரிப்பு. "ஏட்டி, வீட்லயும் லைன் போட்டுட்டியே. ரசம் வச்சதுக்கு ஓவர்டைம் உண்டுமா?" என்றாள். மூன்றாம் நாளே, அடுப்பு வழுக்கக் கூடாது என்று கனத்த துண்டை மடித்து அடியில் விரித்தாள். அடியில் இருந்த காற்றுத் துளைகள் அடைபட்டு, அடுப்பு கீ கீயென்று கத்திவிட்டு அணைந்துபோயிற்று. துண்டை உருவி எறிந்து, அது ஆறி மறுபடி வேலை செய்கிற வரை மாரிசெல்வி அவளைத் திட்டித் தீர்த்தாள். ஷீட்டில் இன்னொரு நம்பர் கூடியது.

சமையல் மணம் வந்த நாளிலிருந்து யாக்கோபுவுக்குக் கீழே இருப்புக் கொள்ளவில்லை. மாரிசெல்விக்குக் காலை ஷிப்ட் என்றால் சாயந்திரம் ஐந்து மணிக்கு டீ போடுவாள், டாண் என்று அவர் வந்து நிற்பார். டீ ஒரு சாக்கு. அவருக்கு அந்த அடுப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு கையையும் மேடையில் ஊன்றி, பனியனோடு அதன் மேல் அப்படியே கவிழ்ந்துகொண்டு, பால் அசைவதையும் ஃபேன் சத்தத்தையும் கவனிப்பார். "இதுக்குள்ள எவனோ குந்திக்கினு ஊதறான் பாப்பா" என்பார். மெஸ்ஸில் தின்று செத்த நாக்குக்கும் வீட்டை விட்டு வந்த மனசுக்கும் அந்த அரைமணி நேரம் இதமாக இருந்தது. மாரிசெல்வி அவருக்காகவே இஞ்சி தட்டிப் போட ஆரம்பித்தாள்.

மார்ச் மாதம் தவக்காலம் வந்தது. யாக்கோபு வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் என்றார். சாயந்திரம் டீயோடுதான் முடிப்பார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. பாண்டிச்செல்விக்கு நைட் ஷிப்ட், மூலையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். யாக்கோபு வழக்கம்போல அடுப்பின் மேல் கவிழ்ந்து நின்றார். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்ததை மாரிசெல்வி கவனித்தாள். "என்னய்யா, இப்படி வேக்குது" என்று கேட்டு முடிக்கவில்லை. ஊன்றியிருந்த கை மடங்கியது. மனிதர் அடுப்பு மேலேயே சரிந்து, அங்கிருந்து தரைக்கு வழுக்கி விழுந்தார். இன்னும் சூடேறாத பால் பாத்திரம் உருண்டோடியது.

முதலில் சுவிட்சை அணைத்தாள். அது பழக்கம். அப்புறம்தான் கத்தினாள். பாண்டிச்செல்வி எழுந்து உட்கார்ந்தாள். மெர்சி படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தாள்.

"அப்பா. அப்பா, கண்ணத் தொற" என்று கன்னத்தில் தட்டினாள் மெர்சி. மாரிசெல்வியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள், "அவருக்கு நெஞ்சுல பேட்டரி வெச்சிருக்கு. மூணு வருசம் ஆவுது. பைபிள்ல ஒரு கார்டு கீது செல்வி, அத்த எடுத்துக்கினு வா. டாக்டர் கேப்பாரு."

நெஞ்சில் பேட்டரி என்பது மாரிசெல்விக்குப் புரியவில்லை. ஒரு ஆபரேஷன் நடந்தது என்று மட்டும் அவர் எப்போதோ சொல்லியிருந்தார். எல்லாரும் சேர்ந்து அவரைத் தூக்கிக் கீழே கொண்டுபோனார்கள். தெருமுனை ஆட்டோவில் மெர்சியும் பாண்டிச்செல்வியும் அவரை நடுவில் தாங்கி உட்கார்ந்தார்கள். ஆட்டோ போய்விட்டது.

கீழ்வீட்டில் பைபிளின் நடுவில் கார்டு இருந்தது. அவர் பெயர், சென்னை ஆஸ்பத்திரியின் பெயர், தேதி. மேலே கொட்டை எழுத்தில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை. எழுத்துக் கூட்டிப் படித்தாள். பேஸ்மேக்கர். எங்கேயோ பார்த்த வார்த்தையாக இருந்தது. எங்கே என்று தேடவில்லை, கால்கள் தாமாக மாடி ஏறின. அரிசி டின்னுக்கு அடியிலிருந்து அடுப்புப் புத்தகத்தை உருவினாள்.

முதல் பக்கம். மஞ்சள் முக்கோணம். அதற்குக் கீழே இரண்டாவது வரி. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது, நெருங்கி நிற்கக் கூடாது.

மாரிசெல்வி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதம். தினமும் அந்த மனிதரின் நெஞ்சை அடுப்புக்கு மேல் நிறுத்தி வைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, சிரித்துப் பேசிக் கொன்றிருக்கிறேன் என்று நினைத்தாள். சுவரில் அவள் கையெழுத்தில், கோணல் மாணல் இல்லாமல், ஷீட் தொங்கியது.

ஷேர் ஆட்டோவில் ஏழு பேரோடு இடித்துக்கொண்டு போகும்போது ஒரு நினைப்பு வந்தது. கார்டை மட்டும் கொடுத்தால் போதும். புத்தகத்தைப் பற்றி யாருக்குத் தெரியும்? வெளியே எறிந்தால் காற்று கொண்டுபோய்விடும். வயசான மனுஷன், நெஞ்சு வியாதி, விழுந்துவிட்டார் என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டால் மெர்சியக்கா என்ன செய்வாள்? அறை போகும், போலீஸ் வந்தாலும் வரும், ஊரில் அம்மா காதுக்குப் போகும். புத்தகத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். ஆனால் டாக்டருக்குத் தெரியாவிட்டால் வேறு எதற்கோ அல்லவா மருந்து கொடுப்பார்? அது தோன்றியதும் சுருட்டியதைப் பிரித்து மடியில் வைத்து நீவிவிட்டாள். பயம் போகவில்லை. பயத்தோடுதான் இறங்கினாள்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் யாக்கோபு கண் திறந்திருந்தார். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் உயிர் வந்தது, அடுத்த நொடியே போயிற்று, சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்ததே. டூட்டி டாக்டர் ஒரு இளம்பெண். கார்டை வாங்கிக்கொண்டாள். மாரிசெல்வி புத்தகத்தையும் நீட்டினாள்.

"டாக்டர், இவுங்க எங்க கரண்ட் அடுப்பு மேலதான் குனிஞ்சு நின்னாங்க. தினமும் நிப்பாங்க. இதுல கூடாதுன்னு போட்டிருக்கு. நான் அந்தப் பக்கத்தப் படிக்காம விட்டுட்டேன்."

டாக்டர் படித்தாள். "எவ்வளவு கிட்ட நிப்பாரு?"

மாரிசெல்வி கையால் காட்டினாள். ஒரு சாண்கூட இல்லை.

"அவ்வளவு கிட்ட நிக்கக் கூடாது. ரெண்டடி தள்ளி நின்னா பயமில்ல. இப்ப விழுந்ததுக்குக் காரணம் சுகர். நாப்பத்திரெண்டுக்கு இறங்கியிருந்துச்சு. பட்டினியா இருந்தாரா?"

"உபவாசம்" என்றாள் மெர்சி.

"சுகர் மாத்திரை?"

மெர்சியின் முகம் மாறியது. "காலைல நான்தான் குடுத்தேன். எப்பவும்போல. பட்டினியா கீறவருக்கு மாத்திரை குடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தோணவே இல்ல டாக்டர்."

"சரி, அதுதான். ஆனா அடுப்புனால பேட்டரிக்கு ஏதாவது ஆயிருக்கான்னு என்னால இங்க சொல்ல முடியாது. பேட்டரி வச்ச ஆஸ்பத்திரிலதான் அதச் செக் பண்ற மிஷின் இருக்கும். நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. கடைசியா எப்ப செக் பண்ணீங்க?"

மெர்சி அப்பாவைப் பார்த்தாள். யாக்கோபு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் மெர்சி புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "மொதல் பக்கத்துலயே போட்டுக்கீறான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாலு திட்டு திட்டியிருந்தால் மாரிசெல்விக்குப் பாரம் குறைந்திருக்கும். "நானும் நாளைக்கு வாரேங்க்கா" என்றாள். மெர்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே மாரிசெல்வி பெரிதாக எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை வாடகைக் காரில் சென்னைக்குப் போனார்கள். கார் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டியது. மாரிசெல்வி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். ஊர்த் தெய்வம் உச்சினிமாகாளியிடமும் சொன்னாள், யாக்கோபுவின் இயேசுவிடமும் சொன்னாள். அந்த நேரத்தில் ஆள் பார்க்க முடியுமா?

பேட்டரி வைத்த ஆஸ்பத்திரியில் யாக்கோபு உள்ளே வர மறுத்தார். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் நல்லாத்தானே கீறேன். வூட்டுக்குப் போலாம் மெர்சி" என்றார். மண்ணெண்ணெய் டேங்கரை மலைப்பாதையில் இறக்கிய மனிதர் தூணை விடவில்லை. மெர்சி அவர் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தூணிலிருந்து எடுத்தாள்.

உள்ளே ரகுபதி என்று பெயர் குத்திய டெக்னீஷியன் இருந்தார். யாக்கோபுவைப் படுக்க வைத்து, சோப்பு டப்பா அளவில் ஒயர் மாட்டிய ஒன்றை இடது தோளுக்குக் கீழே வைத்தார். திரையில் கோடுகள் ஓடின. ஒரு தாள் நீளமாக வெளியே வந்துகொண்டே இருந்தது. ரகுபதி அதை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பார்க்க எத்தனை நேரம்தான் எடுத்துக்கொள்வார் இந்த மனிதர் என்று மாரிசெல்விக்குக் கோபமே வந்தது.

"அடுப்பு கிட்ட நின்னாருன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"நல்ல வேளை சொன்னீங்க, இல்லாட்டி இவரு இங்க வந்திருக்கவே மாட்டாரு. ஒண்ணும் ஆகல. செட்டிங் எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு. இனிமே தள்ளி நிக்கட்டும்."

மாரிசெல்விக்குச் சுவர் தேவைப்பட்டது. சாய்ந்துகொண்டாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள். அவள் ஒருவரையும் கொல்லவில்லை.

யாக்கோபு எழுந்து உட்கார்ந்து பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். ரகுபதியின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக் கேட்டார். "எப்ப தீந்துபூடும் சார்?"

"எது?"

"பேட்டரி."

"ஏன் கேக்குறீங்க?"

"மூணு வருசம் ஆயிடுச்சு சார். ஈஸ்டரோட மூணு முடியுது. முப்பது வருசம் வண்டி ஓட்னவன் நான். எம்மாம் நல்ல பேட்டரியா இருந்தாலும் மூணு வருசம்தான் வரும். அதுக்கப்பால தள்ளி வுட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்." பனியன் நுனியை விரலில் சுற்றினார். "அதான் செக்கப்புக்கு வரல. தேதி கேட்டுக்கினு வூட்டுல போய் குந்தறதுக்கு, தெரியாமலே இருந்துக்கலாம்னு. இது கடைசி தவக்காலம்னு நெனச்சேன். அதான் உபவாசம்லாம்."

இரண்டு மாதமாகத் தினமும் மாடி ஏறி வந்து, பால் அசைவதை அப்படிக் குனிந்து குனிந்து பார்த்தது, இதெல்லாம் இனிக் கொஞ்ச நாள்தான் என்கிற நினைப்பில் என்று மாரிசெல்விக்கு அப்போதுதான் புரிந்தது. மெர்சி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏன் சொல்லல. ஏம்ப்பா என்கிட்ட சொல்லல" என்று அவள் கேட்டது அழுகையோடு சேர்ந்து பாதிதான் கேட்டது.

ரகுபதி தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார். "பெரியவரே, இது லாரி பேட்டரி இல்ல. இன்னும் ஆறு வருஷத்துக்குக் கொறையாம ஓடும். அப்புறமும் நின்னு போகாது, முன்கூட்டியே தெரியும், புதுசு மாத்திடுவோம். வருஷத்துக்கு ரெண்டு தடவ வந்து காட்டினா போதும்."

"ஆறா?"

"ஆறு."

யாக்கோபு அந்தத் தாளில் ஆறு எங்கே இருக்கிறது என்று தேடினார். ரகுபதி விரல் வைத்துக் காட்டினார். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தாளை நாலாக மடித்தார். வைப்பதற்குப் பனியனில் பை இல்லை, மெர்சியிடம் கொடுத்தார். மாரிசெல்வியின் பக்கம் திரும்பி, "நீ இன்னாத்துக்கு அழுவுற?" என்று அதட்டினார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. டிரைவர் எங்கேயோ டீ குடிக்கப் போயிருந்தார். மூவரும் மரத்தடியில் நின்றார்கள். யாக்கோபு தெருவுக்கு எதிரே இருந்த ஓட்டலை, தட்டு எடுத்துப் போகிறவர்களை, கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த வடைகளைப் பார்த்தார்.

"மெர்சி" என்றார். "எனக்குப் பசிக்குதும்மா."